ஸ்பெயினில் வீடு வேண்டாமென்று அக்கா சொல்ல வேண்டும்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, மொன்றியல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி இரவிச்சந்திரன் வணங்கி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் நிரஞ்சனியும் சுகம். இலண்டனில் நீங்களும் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு, மேலே விசாரிக்காமல் என் கதைக்கு வருகிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் நான் ஹலோ என்றதும் இவள் பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள்.

மாசி மாதம் இவள் பஸ் தரிப்பிடத்தில் ஐஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போது, இனி ஒரு பனிக்காலம் இந்த ஊரில் இருக்கமாட்டேன் என்றாள். நோவில் கதைக்கிறாள் என்று நினைத்து நானும் சரி என்றேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் நடத்திய நாடகம்தான் இது. அந்த நேரம் பார்த்து, என்னோடு உணவகக் குசினியில் வேலை செய்த கிறகரி பழங்களோடு இவளைப் பார்க்க வந்தான். ஸ்பெயினில் அல்மாரா என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறதாம், வெயில் வருசம் முழுக்க இருக்கிறதாம், வீடு மலிவாம். "ஊர் இப்பதான் எழும்புது அண்ணை. முழுக்க எழும்பினாப் பிறகு எங்களால கிட்டவும் போகேலாது" என்றான். எங்கள் மகள் அனோஜினி அன்றைக்கே விமானச் சீட்டு எடுத்துத் தந்துவிட்டாள். அம்மா அப்பாவை ஊரைவிட்டு அனுப்ப இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அக்கா, ஊர் இன்னும் எழும்பவில்லை. நாங்கள் போய் இறங்கியபோது நல்ல நித்திரையில்தான் கிடந்தது. எங்கு பார்த்தாலும் பாரந்தூக்கிகள், பாதியில் நிற்கும் மாடிகள், சீமெந்துத் தூசி. வீட்டுத் தரகர் பாப்லோ என்று ஒரு பொடியன். அவனுக்குப் பிரெஞ்சு தெரியும் என்றார்கள், நானும் நிம்மதியாக என்னுடைய கியூபெக் பிரெஞ்சில் ஆரம்பித்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஆங்கிலம் தெரியுமா என்றான். வீடு நாலாம் மாடி. லிஃப்ட் வரும் என்றான். எப்போது என்று கேட்டதற்குக் கடல் இருக்கும் பக்கம் பார்த்தான். அந்தக் கடலும் வரவேற்பறையிலிருந்து தெரியவில்லை, படுக்கையறையிலிருந்தும் தெரியவில்லை. குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று சின்ன யன்னலால் எட்டிப் பார்த்தால் தெரியும் என்றான். நான் ஏறினேன். கடல் தெரிந்தது உண்மை. அதே நேரம் கால் வழுக்கி, திரைச்சீலையைப் பிடிக்கப்போய், திரை, கம்பி, நான் எல்லாரும் சேர்ந்து தொட்டிக்குள் இருந்தோம். நிரஞ்சனி ஓடிவந்து, எனக்கு அடிபட்டதா என்று கேட்காமல், "கடல் தெரியுதோ?" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் இவள் துறைமுகத்துக்குப் போய் மீன் விற்கிற மனுசியோடு சுத்தத் தமிழில் பேரம் பேசி, அந்த மனுசி ஸ்பானிஷில் ஏசி, கடைசியில் இரண்டு பேரும் சிரித்து, ஒரு பை கணவாய் மீனோடு வந்தாள். இங்கிருந்து கொண்டுபோன தூளைப் போட்டுத் தங்கிய அறையில் கறி வைத்தாள். தாளித்த புகைக்கு நெருப்பு மணி அடித்தது. கட்டிடத்திலிருந்த சனம் முழுக்கப் படியிறங்கி வீதிக்கு வந்துவிட்டது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். இவள் சட்டியோடு இறங்கி வந்து, மன்னிப்புக் கேட்கிற முறையில் எல்லாருக்கும் பாணோடு கறியைக் கொடுத்தாள். ஏச வந்தவர்கள் இரண்டாம் முறையும் பாண் கேட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் வீதியில் போனால் ஆட்கள், நிரஞ்சனி என்று முழுக்கச் சொல்ல வராமல், "நிறா, நிறா" என்று கூப்பிட்டார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

இங்கே திரும்பி வந்தும் அந்த ஸ்பெயின் ஆசை ஓயவில்லை. கைத்தொலைபேசியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். போன வெள்ளி கோயிலில் ஐயர் விபூதி கொடுக்க, "கிராசியாஸ்" என்கிறாள். அக்கா, எனக்கு இந்த ஊர் போதும். எந்த மெற்றோவில் எந்தக் கதவால் இறங்கினால் நேரே படிக்கட்டு வரும் என்று எனக்குத் தெரியும். டெப்பனர் என்கிற எங்கள் மூலைக்கடையின் கடைக்காரன் என்னைக் கண்டதும் பால் எடுத்து வைக்கிறான். அங்கே போய் நான் யார்? நிறாவின் புருசன். போகமாட்டேன் என்று சொன்னால் அவள் தனியாகவே போய்விடுவாளோ என்றும் பயமாயிருக்கிறது. அவள் இல்லாத வீட்டில் எனக்கு எந்தப் போத்தலில் உப்பு இருக்கிறது என்பதும் தெரியாது. நீங்கள் சொன்னால் கேட்பாள். கடற்காற்று மூட்டுக்குக் கூடாது என்று இலண்டன் டாக்குத்தர் ஒருவர் சொன்னதாகச் சொல்லுங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லா நலமும் நிறைய வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புத் தம்பி,
இரவி

பி.கு.: எழுதியதைத் திரும்ப வாசித்ததும் உறையை ஒட்ட மனம் வரவில்லை. நேரே குசினிக்குப் போய், உனக்கு அவ்வளவு ஆசையென்றால் அந்த வீட்டை வாங்குவோம் என்று சொல்லிவிட்டேன். அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "எந்த வீட்டை? வேண்டாமெண்டு பாப்லோவுக்கு நான் எப்பவோ சொல்லிப்போட்டன். பாத்தாத் தெரியேல்லையே, அது வீடோ?" என்றாள். பிறகேன் ஸ்பானிஷ் என்று கேட்டேன். ஆற்றிய தேத்தண்ணியை என் கையில் தந்தாள். "இங்க உங்களுக்கு வேலை, வேலை விட்டால் நித்திரை. அங்க பின்னேரத்தில என்னோட கடற்கரையில நடந்தனீங்கள். திரும்பக் கூட்டிக்கொண்டு போவீங்களோ எண்டுதான்" என்றாள். நடந்தது உண்மைதான். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் நடந்தது என்று நினைத்து அதை நான் மேலே எழுதவில்லை. ஆகவே நீங்கள் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். வருகிற மாதம் போர்த்துக்கலில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். வாங்குகிற யோசனை இரண்டு பேருக்கும் இல்லை. அத்தானுக்கு மட்டும் தெரியவிடாதீர்கள், மலிவென்று கேட்டால் விடமாட்டார், அவர் வந்தால் வாங்கிவிடுவார்.