தீபாவளி அகார்-அகாரில் ஓர் ஆண்டெனா

வருங்கால மாமனாரை முதல் தடவை பார்க்கும்போதே "வாயை மூடுங்க!" என்று கத்திய மாப்பிள்ளை இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் அம்மாவோடு குடியிருந்தேன். முப்பதை நெருங்கியும் மாணவன். மூளைக்குள் ஏறும் அழுத்தத்தை டாக்டருக்கு வயரில்லாமல் சொல்லும் கருவிக்கு, மண்டைக்குள் வைக்கிற நகத்தளவு ஆண்டெனா வடிவமைப்பதுதான் என் ஆராய்ச்சி. (சம்பளம் இல்லாத வேலைக்கு அப்படித்தான் பெயர்.) சோதிக்க நிஜ மண்டையை யார் தருவார்? அகார்-அகார் என்கிற கடல்பாசி ஜெல்லியில் சீனியும் உப்பும் அளவாகக் கலந்து இறுகவிட்டால், ரேடியோ அலைக்கு அதுவும் மூளையும் ஒன்றுதான். அந்தப் பொய் மூளைக்குள் பட்டன் பேட்டரியோடு ஆண்டெனாவைப் புதைத்தால், ரிசீவர் 'பீப்' என்று கத்தணும். மாசக்கணக்கா அது மூச்சே விடல.

தீபாவளிக்கு லேப்பைப் பூட்டிவிட்டார்கள். மூளையை வீட்டுக்குக் கொண்டுவந்து காலையில் ஒருமுறை சோதித்தேன். ம்ஹும். ரிசீவரை அணைக்க மறந்து, மூளையை அம்மாவின் கிண்ணம் ஒன்றில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? அறிவாளி அல்லவா, சொல்லவில்லை.

அன்று பார்த்து கிள்ளானிலிருந்து வசந்தியை அழைத்துக்கொண்டு அவள் அப்பா வந்தார். துணிக்கடை முதலாளி. அவர் இருமினாலே கடைப்பையன்கள் எழுந்து நிற்பார்களாம். நானும் வசந்தியும் கல்லூரிக் காலத்திலிருந்து காதலித்தோம். இவர் சரி என்றால் கல்யாணம். இல்லையென்றால் அவளுக்கு ஜொகூர் மாப்பிள்ளை தயார்.

"தம்பி என்ன வேலை செய்றீங்க?"

அதற்குள் அம்மா தட்டோடு வந்தார். "அகார்-அகார் எடுத்துக்குங்கண்ணே. பக்கத்து வீட்டு ஆன்டி கொடுத்தனுப்பியிருக்காங்க."

(பக்கத்து வீட்டு ஆன்டி கொடுத்தனுப்பியது முறுக்கு.)

ஒரு துண்டு அவர் வாய்க்குள் போனது. முகம் கோணியது. "என்னலா இது, ஒரே உப்பு!" அடுத்த கடியில் 'கடக்' என்றது. உடனே என் அறையிலிருந்து பீப்! பீப்! பீப்!

"வாயை மூடுங்க அங்கிள்! அசையாதீங்க! துப்பிடாதீங்க!"

கத்திக்கொண்டே உள்ளே ஓடி அளவுகளைக் குறித்தேன். மாசக்கணக்கில் காத்திருந்த சத்தம் ஐயா, சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. திரும்பி வந்தால் மனிதர் கன்னம் உப்ப, கண் சிவக்க, அப்படியே உட்கார்ந்திருக்கிறார். வசந்தி தலையில் கை வைத்திருந்தாள்.

கைக்குட்டையில் துப்பினார். "என்ன இது?"

"ஆண்டெனா அங்கிள். நோயாளி தலைக்குள்ள வைக்கிறது."

"அதை ஏன் என் வாய்ல வச்சீங்க?"

தலை குனிந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இத்தனை மாசமும் அது வேலை செய்யாததையும் சேர்த்து.

"அதான் சொன்னேனே, உப்பு ஜாஸ்தி" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. உப்பு கூடினால் பொய் மூளையே அலையைத் தின்றுவிடும்! அவர் கடித்து ஆண்டெனா அதைவிட்டு வெளியே வந்ததும்தான் ரிசீவர் கத்தியிருக்கிறது. நானும் என் பேராசிரியரும் ஆண்டெனாவை மாற்றி மாற்றி வரைந்தோமே தவிர, ஒருத்தராவது நக்கிப் பார்த்தோமா?

"கரெக்ட் அங்கிள்! கரெக்ட்!" என்று குதித்தேன்.

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். "தை மாசம் வச்சுக்கலாம்" என்றார். "சமையல் பக்கம் மட்டும் மாப்பிள்ளை வரக்கூடாது."

இன்றைக்கும் கிள்ளானில் அவர் முன்னால் யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள். ஆனால் டிவியில் சிக்னல் சரியில்லாமல் படம் ஆடினால் போதும், என் பிள்ளைகள் கோரஸாகக் கத்துவார்கள்: "தாத்தா, வாயை மூடுங்க! அசையாதீங்க!" அவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.