கீழ்த்தளத்துக் கஞ்சா வைத்தியர்

மனிதர்களில் எத்தனையோ ரகம் உண்டு. அவற்றில் எங்கள் கூட்னி மலைப்பக்கத்தில் அமோகமாக விளைகிற ஒரு ரகத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். பெயர், கீழ்த்தளத்துக் கஞ்சா வைத்தியர். கஞ்சா என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இங்கே அது டாக்டர் சீட்டோடு, இத்தனை செடி என்று எண்ணிக் கொடுத்த அரசாங்க அனுமதியோடு, வீட்டுக்குள் வளர்கிற மருந்து. எங்கள் ஊர்ப் போலீஸ்காரரே மாமியாரின் இடுப்பு வலிக்கு இரண்டு செடி வைத்திருக்கிறார். ஆகவே நம்முடைய ஆசாமி கள்ளரும் இல்லை, போதைக்காரரும் இல்லை. வாழ்நாளில் ஒரு இழுப்புக்கூட இழுத்தவர் இல்லை. அவரிடம் உள்ள கோளாறே அங்கேதான் ஆரம்பம்.

அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். பேரப்பிள்ளையின் போட்டோவை நீங்கள் காட்டினால் அவர் பதிலுக்கு ஒரு இலையின் போட்டோவைக் காட்டுவார். சௌக்கியமா என்று கேட்டால், "அம்பத்தெட்டுல நிக்குது" என்பார். அது ரத்த அழுத்தமோ வயதோ அல்ல, வீட்டுக்கு அடியில் அவர் செடி வளர்க்கிற கீழ்த்தளத்துக் காற்றின் ஈரப்பதம். நெற்றியில் தலைவிளக்குப் பட்டையின் தழும்பு இருக்கும். கழுத்தில், நகைக்கடைக்காரர் வைரம் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடி ஒரு கயிற்றில் தொங்கும். தபால் நிலையத்திலோ மளிகைக்கடையிலோ இதே ரகத்தைச் சேர்ந்த இன்னொருவரைப் பார்த்துவிட்டால் போதும், இரண்டு பேரும் ஒதுங்கி நின்று செடிக்கு ஊற்றும் தண்ணீரின் புளிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அவர்கள் வாங்க வந்த பால் கையிலேயே சூடாகிவிடும்.

எங்கள் தெருவில் இந்த ரகத்துக்கு முத்திரை குத்திய மாதிரி ஒருவர் உண்டு. ஆர்வில் ப்ராக்டர். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. மர அறுவை ஆலையில் முப்பத்தொரு வருஷம் இயந்திரம் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். இருபத்தாறு குளிர்காலமாக, நான் கேட்காமலே என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவர். நல்ல மனுஷன். இந்த ரகத்தில் கெட்டவர்களே கிடையாது. அதனால்தான் யாராலும் இவர்களை வாய் நிறையத் திட்ட முடிவதில்லை.

அவர் மனைவி வெர்லா. எங்கள் ஊர் கர்லிங் கழகத்தின் பெண்கள் அணிக்குப் பத்தொன்பது வருஷமாகத் தலைவி. இருபது கிலோக் கருங்கல்லைப் பனித்தரையில் வழுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்களே, அந்த ஆட்டம்தான். வீட்டில் துடைப்பத்தைத் தொடாத ஆண்கள்கூட அங்கே போய் வெறி பிடித்த மாதிரி பெருக்குவார்கள். வெர்லா கல்லை விட்டால் அது சொன்ன இடத்தில் நிற்கும். அப்படிப்பட்டவளுக்கு இரண்டு கையிலும் மூட்டுவாதம் வந்தது. கட்டைவிரல் அடியில் வீங்கி, காலையில் தேநீர்க் கெண்டியைத் தூக்க முடியாத அளவுக்கு வலி. மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்தன. டாக்டர் கடைசியில் இந்தச் செடியின் எண்ணெயை எழுதிக் கொடுத்தார். தபாலில் வரவழைத்து நாக்கடியில் நாலு சொட்டு விட்டுக்கொண்டாள். பரவாயில்லை, தூக்கம் வந்தது. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் ஆர்வில் அந்தப் புட்டியை எடுத்துப் பின்பக்கம் படித்தார். ஐயோ, படித்தார்.

எவன் வளர்த்தானோ, எதைத் தெளித்தானோ, எத்தனை நாள் உலர்த்தினானோ, இதையா என் பெண்டாட்டி வாயில் ஊற்றுவது என்று அவருக்குப் பொறுக்கவில்லை. நானே சுத்தமாக வளர்த்துத் தருகிறேன், ஆறே மாதம், அதுவரை பொறுத்துக்கொள் என்றார். புட்டியைத் தூக்கிப் போட்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டார், அரசாங்கக் காகிதம் வந்தது. அதில் மேல் வரியில் 'வளர்ப்பவர்: ஆர்வில் ப்ராக்டர்' என்றும், கீழ் வரியில் 'நோயாளி: வெர்லா ப்ராக்டர்' என்றும் இருந்தது. அதைச் சட்டம் போட்டுக் கீழ்த்தளத்துச் சுவரில் மாட்டினார். பிறகு ஈரமானி மாட்ட இன்னொரு ஆணி அடிப்பானேன் என்று அதே ஆணியில் அதையும் தொங்கவிட்டார். ஈரமானி சரியாகக் கீழ் வரியை மறைத்துக்கொண்டது.

இப்போது அந்த வீட்டின் நடைமுறையைக் கேளுங்கள். இந்தச் செடி பூக்க வேண்டுமானால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விளக்கு, பன்னிரண்டு மணி நேரம் கும்மிருட்டு. ஆர்வில் கணக்குப்படி செடிக்கு இரவு என்பது நம்முடைய பகல். காலை எட்டு முதல் மாலை எட்டு வரை கீழ்த்தளத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது. துணி துவைக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது? கீழ்த்தளத்தில். ஊறுகாய் அலமாரி? கீழ்த்தளத்தில். உறைபெட்டியில் இருக்கும் கொழுக்கட்டை, கோடையில் பறித்துப் போட்ட காட்டுப்பழம், வெர்லாவின் குளிர்கால பூட்ஸ், எல்லாம் கீழ்த்தளத்தில். பகலில் இறங்க வேண்டுமானால் நெற்றியில் பச்சை விளக்கு கட்டிக்கொள்ள வேண்டும், செடிக்குப் பச்சை தெரியாதாம். வலிக்கிற கையோடு அந்தப் பெண்பிள்ளை சுரங்கத்தில் இறங்குகிற மாதிரி இறங்கி, இருட்டில் தடவித் தடவித் துணி போட்டாள். ஒரு மாதம் முழுக்க ஆர்வில் ஜோடி மாறிய காலுறையோடுதான் சுற்றினார். கவனிக்கவில்லை. இலையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வந்தால் மட்டும் பாதித் தூக்கத்திலும் கவனிப்பார்.

முதல் விளைச்சல் வந்தது. வெட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி, கண்ணாடிச் சாடிகளில் அடைத்து, தினம் இரண்டு முறை மூடியைத் திறந்து காற்று வாங்கவிட்டார். எட்டு வாரம் திறந்து திறந்து மோந்து பார்த்தார். கடைசியில் மணத்தில் வைக்கோல் வாடை இருக்கிறது, இது வெர்லாவுக்குத் தகுதியில்லை என்று எல்லாவற்றையும் உரக்குழியில் கொட்டிவிட்டார். எவ்வளவு பிரியம் பாருங்கள். அன்று மாலை அவளால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை.

இரண்டாவது விளைச்சல் பூக்கும் நேரத்தில் வெர்லா ஒரு குற்றம் செய்தாள். கர்லிங் பயிற்சிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் கையுறையை எடுக்கத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்தாள். அதற்குள்ளே ஒரு சின்ன விளக்கு எரியும் என்பதை மறந்துவிட்டாள். மூன்று விநாடி. செடிகளை மறைத்திருந்த கறுப்புத் திரையில் விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி. இரண்டு வாரம் கழித்துப் பூவெல்லாம் விதை வைத்துவிட்டது. விதை வைத்த பூ மருந்துக்கு ஆகாதாம். ஆர்வில் கத்தவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். நாலாவது நாள் உலர்த்தியின் விளக்கைக் கழற்றினார். அவள் மன்னிப்புக் கேட்டாள் என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறாத விஷயம். வலியும் அவளுக்கு, மன்னிப்புக் கேட்பதும் அவளா?

எதிர்வீட்டு ஃபென்யா செர்னாஃப் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஃபென்யா எழுபது வயதைத் தாண்டிய விதவை. தன் முட்டிக்காக வருஷத்துக்கு ஒரே ஒரு செடி, கொல்லையில் சோயாக்கீரைக்கும் பீட்ரூட்டுக்கும் நடுவில் வளர்க்கிறவள். மழை பெய்தால் நனையும், வெயில் அடித்தால் காயும். அரிவாளால் வெட்டி, கொட்டகையில் பூண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, வெண்ணெயில் போட்டுக் காய்ச்சி ஊறுகாய் பாட்டிலில் அடைத்துவிடுவாள்.

"மூணு நொடி வெளிச்சத்துல கெட்டுச்சாமா?" என்றாள் என்னிடம். "இவன் தலையில விளக்கக் கட்டிக்கிட்டு நாளுக்கு எட்டு தடவ உள்ள போறானே, அத யாரு கேக்குறது?"

யார் கேட்பது? நான் கேட்கவில்லை. என் வாசல் பனியைத் தள்ளுகிறவரிடம் நான் எதைக் கேட்பேன்?

மூன்றாவது விளைச்சல் ஜனவரிக் கடைசியில் தயாரானது. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை பள்ளத்தாக்கின் பெரிய கர்லிங் போட்டி. போன வருஷம் வெர்லா பார்வையாளர் வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷமும் ஆட முடியாவிட்டால் தலைவி பதவியை விட்டுவிடுவதாகக் கழகத்தில் சொல்லிவிட்டாள். மருந்து அதற்குள் கைக்கு வந்துவிடும் என்று ஆர்வில் சத்தியம் செய்திருந்தார். செடிகளும் பாவம், தம் கடமையைச் செய்து பூத்துக் குலுங்கின. ஆனால் பூதக்கண்ணாடி என்று ஒன்று இருக்கிறதே. பூவின் மேல் பனித்துளி மாதிரி பிசின் மணிகள் இருக்குமாம். அவை முதலில் கண்ணாடி நிறம், அப்புறம் பால் நிறம், அப்புறம் தேன் நிறம். நூற்றுக்கு இருபது தேன் நிறமானால்தான் வலிக்கு உத்தமம். ஆர்வில் தினமும் எண்ணினார். பத்து. பதினொன்று. இன்னும் ஒரு வாரம் என்றார். அந்த வாரம் போனது. பதிமூன்று. இன்னும் ஒரு வாரம்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், தன் ரகத்தைச் சேர்ந்த மூன்று பேரை விளைச்சல் பார்க்க அழைத்திருந்தார். என்னையும் கூப்பிட்டார், ஒப்புக்கு. ஐந்து ஆண்கள், ஐந்து பச்சை விளக்கு, கோயில் கருவறையில் நிற்கிற பக்தியோடு ஒரு செடியைச் சுற்றி நின்றோம். கண்ணாடி கைமாறிக்கொண்டிருந்தது. பதினாறு என்றார் ஒருவர். பதினேழரை என்றார் இன்னொருவர். இன்னும் நாலு நாள் விட்டால் அற்புதமாக இருக்கும் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். நானும் தலையை ஆட்டினேன், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அப்போது மேலே கதவு திறந்தது. யாரோ படியிறங்கி வந்தார்கள். பளிச்சென்று குழல்விளக்கு எரிந்தது.

ஐந்து பேரும் அலறாத குறை. ஒருவர் தன் கோட்டைக் கழற்றிச் செடிக்குப் போர்த்தவே போய்விட்டார். விளக்கைப் போட்டது வெர்லா. முழங்கையால் போட்டிருந்தாள். சமையலறைக் கத்தரிக்கோலை அக்குளில் இடுக்கியிருந்தாள்.

"ஆர்வில், சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு படி" என்றாள்.

ஆர்வில் திரும்பிப் பார்த்தார். "அறுபத்திரண்டு. கொஞ்சம் ஜாஸ்திதான், ஆள் அதிகமில்ல?"

"அதுக்குப் பின்னால இருக்கறதப் படி."

அவர் ஈரமானியைத் தூக்கிப் பார்த்தார். நோயாளி: வெர்லா ப்ராக்டர். படித்துவிட்டு ஈரமானியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"செடிய நானே வெட்டிரலாம்னு காலையில வந்தேன்ப்பா" என்றாள் வெர்லா. குரலில் கோபம்கூட இல்லை. "கத்தரிக்கோலப் பிடிக்க முடியல. நீயே வெட்டிக் குடு."

கை இரண்டையும் நீட்டிக் காட்டினாள். ஆர்வில் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தவர், பழக்கதோஷம், பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோய் வீங்கிய மூட்டைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் பூட்ஸைத் தேடிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக மேலே ஏறிவிட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது, மறைப்பானேன்.

அன்றே வெட்டினார். ஆனால் வெட்டியது உலர இன்னும் பத்து நாள் ஆகும், போட்டியோ மறுநாளைக்கு மறுநாள். அன்று சாயங்காலம் ஆர்வில் தெருவைக் கடந்து போய் ஃபென்யாவின் கதவைத் தட்டினார். அவளுடைய வெண்ணெயை இரண்டு வருஷமாகச் சேறு என்று கேலி செய்தவர். ஃபென்யா ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாளாம். அப்புறம் கதவைச் சாத்துமுன், "ரொட்டியில தடவிக் குடு, அரைக் கரண்டி போதும். அளந்துக்கிட்டே நிக்காத" என்றாளாம்.

வெர்லா இரண்டு இரவு தூங்கினாள். சனிக்கிழமை ஆடினாள். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள், அது வேறு விஷயம். இடைவேளையில் தன் ஃபிளாஸ்கின் மூடியைத் தானே திருகித் திறந்து, எனக்கும் ஒரு வாய் காபி ஊற்றினாள். அதைப் பார்த்து ஆர்வில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"அந்த பாட்டில்ல பாத்தியா, முழுக்கத் தேன் நிறம்" என்றார். "மழையில எப்படி வந்துச்சுன்னு தெரியல. வர்ற கோடைக்கு நானும் வெளியில ஒண்ணு வச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். ஒரு மழைமானி வாங்கணும்."

திருந்துகிற ரகம் இல்லை என்று சொன்னேனா இல்லையா? சொல்லவில்லையா? இப்போது சொல்கிறேன்.

சரி, சிரித்தது போதும். உங்கள் வீட்டுக்குள் வாருங்கள். கஞ்சாச் செடி இருக்காது, தெரியும். ஆனால் அம்மாவுக்கு நடைவண்டி வாங்கப் போய், எந்த நடைவண்டி உத்தமம் என்று மூன்று மாதமாக விமரிசனம் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, அவர் இன்னும் சுவரைப் பிடித்துத்தானே நடக்கிறார்? தலைவலி என்று ஒருவர் சொல்ல, நல்ல தைலம் எது என்று தேடப் போனீர்களே, திரும்பி வந்தீர்களா? கடையில் கிடைத்த சுமாரானதைத் தூக்கிப் போட்டது யார்?

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் மனைவி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி இப்போதுதான் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். மூன்றாவது தடவை. இதோ போகிறேன், இந்தக் கட்டுரைக்கு முடிவு மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. இன்னும் ஒரே ஒரு வரி.