நான் சரிசெய்த ஃபிரிஜ்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகளான உங்கள் மருமகளும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே உங்கள் மூட்டுவலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மருமகள் பாட்டை நிறுத்தி இன்றோடு இரண்டு மாதம். "கிட்டார வித்துட்டு ஒரு வேலைக்குப் போகச் சொல்லுங்க" என்று ஏழு வருடமாகச் சொல்லிவந்தீர்களே, சந்தோஷப்படுங்கள். நிறுத்தவைத்த புண்ணியவான் நான்தான், ஆனால் தெரிந்து செய்யவில்லை. அவளுடைய முதல் ஆல்பம் நம் வீட்டுச் சமையலறையில் பதிவானது உங்களுக்குத் தெரியும். அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, பக்கத்து அறையில் இருப்பவரிடம் உப்பு கேட்பதுபோல ஒரு குரலில் பாடுவாள். உங்கள் தங்கை அடுப்பைப் பார்த்தபடி கூடவே முனகுவாள். பிறகு டிரம்ஸ் அடிக்க ஒரு பல் டாக்டரும் பேஸ் கிட்டாருக்கு ஒரு பஸ் டிரைவரும் வந்து சேர, அது ராக் பாண்ட் ஆனது. இன்னொரு ஆல்பமும் நாற்பது மேடைகளும் ஆயின. வேன் ஓட்டியது நான். பாட்டு எங்கே முடிகிறது என்று பிடிபடாமல் நடுவில் இரண்டு தடவை கைதட்டியதில், "அப்பா, நீங்க வேன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டாள். ஒரு பத்திரிகைக்காரர், பாடல்களுக்கு அடியில் ஓயாமல் கேட்கும் ரீங்காரம்தான் இந்தக் குழுவின் உயிர் என்று எழுதினார். அது என்ன கருவியோ, எனக்குப் புரியவில்லை. அந்தச் செய்தியை வெட்டி ஃபிரிஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.

வினை அந்த ஃபிரிஜ்ஜில்தான் இருந்தது. நான் முப்பத்தாறு வருடம் ஃபிரிஜ் மெக்கானிக். "ஊர்ல இருக்கற ஃபிரிஜ்ஜெல்லாம் உங்களப் பாத்தா வாய மூடுது, நம்ம வீட்டுது மட்டும் உறுமிக்கிட்டே கிடக்கு" என்று உங்கள் தங்கை பதினைந்து வருடம் சொன்னாள். நாளைக்கு நாளைக்கு என்றே காலத்தை ஓட்டினேன். அவள் போய்ச்சேர்ந்த பிறகுதான் அந்த நாளைக்கு வந்தது. மகள் வெளியே போயிருந்த ஒரு பகலில் கம்ப்ரஸரை மாற்றி, அடியில் நாலு புது ரப்பர் வைத்து முறுக்கினேன். ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்கவேண்டும், அப்படியொரு அமைதி. "பாரு, முடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்கத்தான் ஆளில்லை.

சாயங்காலம் மூன்றாவது ஆல்பத்துக்காக மூவரும் சமையலறையில் கூடினார்கள். உங்கள் மருமகள் ஆரம்பித்தாள், நிறுத்தினாள், தந்தியை முறுக்கினாள், மறுபடி நிறுத்தினாள். "கரண்ட் இல்லையாப்பா?" என்றாள். "இருக்கே! ஃபிரிஜ்ஜ சரிபண்ணிட்டேன்" என்றேன் பெருமையாக. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தச் சத்தத்துலதான்பா நான் சுருதி வெச்சிருந்தேன். அம்மாவும் அதுலதான் முனகுவாங்க."

"பழைய ரெக்கார்டிங்ல இருக்கே" என்றார் பல் டாக்டர். "அது அன்னிக்குப் பாடினது" என்றாள். கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை மச்சான். பழைய கம்ப்ரஸரைத் தேடி, அதை எடைக்குப் போட்டிருந்த காயலான் கடைக்கு ஓடினேன், அது உருக்கப் போயாகிவிட்டது. இப்போது பாண்டைக் கலைத்துவிட்டு வேலைக்கு மனு எழுதுகிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்து, கிட்டாரை விற்பதுதான் நல்லது என்று உங்கள் வாயால் சொல்லவேண்டும். தாய்மாமன் சொல்லிக் கிட்டாரை விட்டாள் என்றால் என் மேல் உள்ள பழி பாதியாவது குறையும். கோழைத்தனம்தான், வேறு வழி தெரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை பேச்சைக் கேட்காதவன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். புத்தி சொல்ல வரவேண்டாம். இன்று காலை மனசு கேட்காமல் ஃபிரிஜ்ஜை இழுத்துத் திருப்பி, நான் வைத்த ரப்பர்களை நானே பிடுங்கி, நட்டுகளைத் தளர்த்தினேன். உறுமியது. அறைக்குள்ளிருந்தே மகள், "சுருதி இன்னும் கொஞ்சம் கீழப்பா" என்றாள். ஸ்பேனரை அரைச் சுற்றுத் திருப்பினேன். "இன்னும்." கால் சுற்று. கிட்டார் கேட்டது. ஞாயிறன்று பாட்டுக் கேட்க வாருங்கள், சமையலறையில்தான் பதிவு. ஃபிரிஜ்ஜைப் பற்றி மட்டும் குறை சொல்லாதீர்கள். குறை சொல்ல உரிமை இருந்தவள் ஒருத்திதான். அவளே பதினைந்து வருடம் அதோடு சேர்ந்து பாடியிருக்கிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை.