போகாமலே திரும்பி வந்த பயணம்

வெல்ஸ், மே 15

மதிப்புக்குரிய சம்பந்தி எர்வே அவர்களுக்கு,

மணப்பெண் கத்ரீனின் அப்பா லியோபோல்ட் எழுதிக்கொள்வது. இங்கு என் மனைவி ரோஸ்விதா நலம். நான் உயிரோடு இருக்கிறேன். தங்கள் துணைவியாரின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைக் கத்ரீன்தான் உங்களுக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டவேண்டும். நடுவில் நிறுத்தினாள் என்றால் அப்பனைத் திட்டுகிறாள் என்று அர்த்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு விமானம் ஆகாது என்பது தங்களுக்குத் தெரியும். ஜூன் 7 கல்யாணத்துக்கு ரோஸ்விதா பிப்ரவரியிலேயே தனித்தனிச் சீட்டாக எடுத்தாள். இந்த ரயில், இந்த இருக்கை, இந்த நிமிடம் என்று. நான் சிரித்தேன். "இப்படிக் கட்டிப்போட்டுக்கிட்டு யாராவது ஊருக்குப் போவாங்களா? எல்லா நாட்டுக்கும் செல்ற ரயில் பாஸ் எடுத்தா நெனச்ச ரயில்ல ஏறலாம், நெனச்ச இடத்துல இறங்கலாம்" என்றேன். "நீங்க நெனக்கிறதுதான் எனக்குப் பயமே" என்றாள். அந்த ரோஷத்தில் எனக்கு மட்டும் பாஸ் எடுத்தேன்.

எடுத்தவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன ஞாயிறு லின்ஸில் எங்கள் பந்துருட்டு விளையாட்டுச் சங்கத்துக் கூட்டாளிகளிடம் காட்டவேண்டும் என்று ஆசை. இருபது நிமிடப் பயணம். பாஸிலேயே போனேன். "டேய் லியோ, பிரான்ஸ் மேற்கால இருக்கு, நீ கிழக்கால வந்து நிக்கிற. இப்பவே வழி தப்பிட்டியா?" என்றான் குன்டர். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பியர் அதிகமாகிவிட்டதால் அவன் வீட்டு சோபாவிலேயே படுத்து, திங்கள் காலை அதே பாஸில் திரும்பி, கல்யாணப் பயணத்துக்கு இருக்கை பதிய நேரே ரயில் நிலையக் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் பாஸைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க போயிட்டு வந்துட்டீங்க."

"எங்கம்மா?"

"வெளிநாட்டுக்கு. பாஸ்ல சொந்த நாட்டுக்குள்ள ரெண்டே நாள்தான். கெளம்ப ஒண்ணு, திரும்ப ஒண்ணு. ரெண்டும் தீந்துபோச்சு. எப்பிடி இருந்துச்சு ஊரெல்லாம்?"

லின்ஸ் நன்றாகத்தான் இருந்தது என்றேன், வேறென்ன சொல்ல. எல்லை வரைக்கும் தனிச்சீட்டு எடுத்தால் போதும் என்று ஆறுதல் சொன்னவர், அடுத்த நிமிடமே வயிற்றில் அடித்தார். பாரிஸிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் ரயில்களில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இருக்கை ஒன்றுகூட இல்லையாம். பெந்தகோஸ்து விடுமுறையாம். காசு கொடுத்து வாங்கும் சாதாரணச் சீட்டும் தீர்ந்துவிட்டதாம். கல்யாணம் முடிந்த திங்கட்கிழமைக்கு வேண்டுமானால் ஜன்னலோரமே இருக்கிறதாம்.

ரோஸ்விதாவிடம் சொன்னேன். மூன்று நாளாயிற்று, வாய் திறக்கவில்லை. திட்டினால்கூடத் தெம்பாக இருக்கும்.

ஆகவே சம்பந்தி, கேட்க நாக்கு கூசுகிறது. தேவாலய வாசலில் எனக்குப் பதிலாகக் கத்ரீனின் கையை நீங்கள் பிடித்து உள்ளே அழைத்துப் போகவேண்டும். பயம் வந்தால் வேகமாக நடப்பாள். முதல்நாள் பள்ளிக்கூடத்துக்கும் என்னை இழுத்துக்கொண்டுதான் போனாள். முழங்கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நடை தணியும். (கத்ரீன், இந்தப் பத்தியை வாசிக்காமல் தாண்டிவிடு கண்ணு.)

குழந்தைகள் இருவரும் எந்நாளும் ஒரே ரயிலில் ஏறி ஒரே இடத்தில் இறங்கட்டும். தங்கள் தோட்டத்து ஆப்பிள் மரங்கள் கிளை தாங்காமல் காய்க்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
லியோபோல்ட்

பி.கு.: தபால்தலை தேடி ரோஸ்விதாவின் மேசையைத் திறந்தேன். அவள் சீட்டுகளோடு இன்னொரு கட்டு. என் பெயர், பிப்ரவரியில் எடுத்தது, அவளுக்குப் பக்கத்து இருக்கை. "ஏன்டி சொல்லல?" என்றேன். "நீங்களா வந்து கேப்பீங்கன்னுதான்" என்றாள். கத்ரீனின் கையை நானே பிடித்துக்கொள்கிறேன் சம்பந்தி, விட்டுவிடுங்கள். ஆனால் மூன்று நாள் அடக்கி வைத்ததையெல்லாம் ரோஸ்விதா வழிநெடுகப் பேசுவாளாம். பதினைந்து மணி நேரம். பாஸ் என்றால் நடுவில் எங்காவது இறங்கிக்கொள்ளலாம்.