என் மகள் எந்த ஊருக்கும் போகவில்லை

பாளையம்பட்டி சிமெண்டுக் கடை உரிமையாளரும், வருகிற வைகாசியில் எனக்குச் சம்மந்தி ஆக இருப்பவருமான உயர்திரு பாண்டீஸ்வரன் அவர்களுக்கு, நரிக்குடிப் பக்கத்திலிருந்து இருளப்பசாமி கைகூப்பி எழுதுவது.

இங்கு நானும், என் சம்சாரம் முருகலட்சுமியும், மகள் சத்யபிரியாவும், ஆடுகளும் சுகம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், மாப்பிள்ளை மணிகண்டனும், கடையும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை. கடையில் லோடு இறங்கும் நேரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு வாரமாக ராப்பகலாக யாருக்கும் லோடு இறங்காது என்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படிக்கவும்.

மாசி மாதம் தாங்கள் எல்லோரும் வேன் வைத்து வந்து எங்கள் வீட்டில் பூ வைத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு மாப்பிள்ளை என் மகளுக்குத் தனியாக ஒரு பரிசு கொடுத்தார். அது செயினும் இல்லை, வாட்சும் இல்லை. போனில் படம் பார்க்கிற ஒரு ஆப்பின் பாஸ்வேர்டு. 'என் கணக்குலயே நீயும் பாரு, தனியா எதுக்குக் காசு கட்டிக்கிட்டு' என்றாராம். சிக்கனமான பிள்ளை என்று நானும் பூரித்துப் போய் ஊர் முழுக்கச் சொன்னேன். அந்தப் பாஸ்வேர்டு என் மகள் கழுத்துக்கே கத்தியாக வரும் என்று எந்தச் சோசியனும் சொல்லவில்லை.

போன வாரம் நம் இரண்டு வீட்டுக்கும் பேசி முடித்த மாரிக்கனி அண்ணன் வந்தார். வந்தவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. "ஏப்பா இருளப்பா, ஒம் மக ஊர்லதான இருக்கு?" என்று கேட்டார். "இந்தா உள்ள வேலை பாத்துக்கிட்டு இருக்காளே" என்றேன். அவர் தன் போனை எடுத்து, மாப்பிள்ளை தங்களுக்கு அனுப்பி, தாங்கள் அவருக்கு அனுப்பிய படத்தைக் காட்டினார். அந்த ஆப்பை யார் எந்த ஊரிலிருந்து திறந்தார்கள் என்று அதில் போட்டிருக்கிறது. ஒரு நாள் கோழிக்கோடு. மறுநாள் ஐதராபாத். அதற்கடுத்து மும்பை. அன்றைக்கு மத்தியானமே அமெரிக்காவில் டல்லாஸ். "பாண்டீஸ்வரன் ரொம்ப வருத்தப்படுறாரு. வீட்டுல இருந்து வேலை பாக்குற பொண்ணுன்னு சொன்னாக, இது ஊரூரா அலைஞ்சுக்கிட்டு இருக்கே, என்னா ஏதுன்னு விசாரிச்சுட்டு வாங்கன்னு சொன்னாரு" என்றார். அதுக்கு மேல் தாங்கள் சொன்ன ஒன்றிரண்டு வார்த்தையையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை. என் சம்சாரம் அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. எனக்கும் மனசு ஆறவில்லை, சம்மந்தி.

தாங்கள் அந்தத் தேதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எல்லாம் எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டின நாள்கள். காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் பிறந்தவர் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பகலில் அருப்புக்கோட்டை வரை போனாலும் பொழுது அடைவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். சென்ற வருடம் பரமக்குடிக்கு விதை வாங்கப் போய் பஸ்ஸைத் தவறவிட்ட எங்கள் பங்காளி ஒருத்தர், லோடு ஆட்டோ பிடித்து நெல் மூட்டை மேல் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதிலும் என் மகள் முளைப்பாரி போட்ட பிள்ளை. இருட்டறையில் ஓட்டுக்குள் பயறு போட்டு, தண்ணீர் தெளித்து, கவிச்சி தொடாமல், சாயங்காலம் ஆனால் மற்றப் பிள்ளைகளோடு கும்மி கொட்டினாள். முழங்கை உயரத்துக்குப் பாரி வளர்ந்து நின்றதை ஊரே பார்த்தது. ஐதராபாத்தில் இருந்துகொண்டு நரிக்குடிப் பக்கம் முளைப்பாரிக்கு எப்படித் தண்ணீர் தெளிப்பது? தாங்களே யோசிக்கவும். அமெரிக்காவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

சத்யபிரியாவிடம் கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "அப்பா, அது ஐ.பி. அட்ரஸுப்பா. நெட்டு பொட்டியை அணைச்சுப் போட்டா மாறிரும். டல்லாஸுன்னு காட்டுனது எங்க ஆபீஸு நெட்டு. நான் மத்தியானம் சாப்புடுறப்ப ஆபீஸு லேப்டாப்புலயே கொஞ்ச நேரம் படம் பாத்தேன். அது எங்க கம்பெனி அமெரிக்கா வழியாப் போகும். அம்புட்டுத்தான்" என்றாள். இங்கே உட்கார்ந்திருக்கிறவள் அமெரிக்கா வழியாக எதற்குப் போய் மதுரைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிக் கணக்குகளைச் சரிபார்க்கிற வேலையாம், அதனால் அந்த ஊர்க் கதவைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டுமாம். நமக்கு மத்தியானம் என்றால் அங்கே நடுராத்திரி ஆயிற்றே, அந்நேரம் கதவை யார் திறப்பார்கள் என்று கேட்டதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து போய்விட்டேன்.

மகள் சொன்னதை மட்டும் தங்களிடம் சொன்னால் மகளுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று ஆகும். ஆகவே அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். எங்களுக்கு நெட்டு கொடுக்கிற கேபிள் கடை மாரிசெல்வத்தை நேரில் பிடித்தேன். "ஏய்யா, நீ என் வீட்டுக்கு நெட்டு குடுத்தியா, இந்தியா மேப்பைக் குடுத்தியா?" என்று கேட்டேன். அவன் பொறுமையான பையன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பைக் நிறுத்துகிற இடத்தைக் காட்டினான். "ஐயா, அங்க வண்டிய விட்டா ஒரு டோக்கன் குடுக்காகள்ல. இன்னைக்கு ஒரு நம்பரு, நாளைக்கு வேற நம்பரு. வண்டி ஒங்க வண்டிதான். அதே மாதிரி ஒங்க பொட்டி ஒவ்வொரு தடவை அணைஞ்சு எரியும்போதும் கம்பெனிக்காரன் கையில இருக்குற நம்பர்ல ஒண்ணை எடுத்துக் குடுப்பான். அந்த நம்பரு எந்த ஊருப் பேர்ல பதிஞ்சு கெடக்கோ, ஆப்பு அந்த ஊரைச் சொல்லும். ஆளு எங்க இருக்காகன்னு அதுக்கு என்னா தெரியும்?" என்றான். சந்தேகம் தீராமல் கூட வந்த மாரிக்கனி அண்ணன் தன் போனில் அதே மாதிரி ஒன்றைத் திறந்து பார்த்தார். சென்னை என்று காட்டியது. அவர் அப்போது என் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். தாங்கள் அவரிடமே கேட்கலாம்.

பிறகு மாரிசெல்வம், "ஒரு நாளைக்கு எத்தனை தடவைய்யா பொட்டிய அணைக்கிறீக? இங்க பாத்தா விளையாட்டுப் பிள்ளை சுவிட்சைத் தட்டுன மாதிரி இருக்கு" என்றான். சம்மந்தி, அது நான்தான். எங்கள் காட்டு மோட்டாரில் ஆள் இல்லாத நேரம் கரண்டு கூடிக் காயில் எரிந்து நான் பட்ட பாடு தங்களுக்குத் தெரியாது. அதிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பினால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவேன். காட்டுக்குப் போனால் இறக்குவேன், கோயிலுக்குப் போனால் இறக்குவேன், ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனாலும் இறக்குவேன். வானம் இருட்டினால் கேட்கவே வேண்டாம், எங்கள் ஊரில் அது வருடத்துக்கு நாலு நாள்தான். உள்ளே இருந்து மகள் "அப்பா!" என்று கத்துவாள். பல்லியைப் பார்த்துக் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் போய்விடுவேன். ஆக, என் மகளைக் கோழிக்கோட்டுக்கும் மும்பைக்கும் அனுப்பி வைத்தது இந்தக் கைதான்.

இனி மாறவே கூடாது என்று, மாறாத நம்பர் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தேன். ஆள் வந்து பெட்டியைத் திருகினார். போகும்போது வீட்டுக்குள் இருக்கிற சாமான்களுக்கும் ஆளுக்கொரு நம்பரைக் கையால் போட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு மகள் லேப்டாப்பைத் திறந்தால் ஆட்டுக் கொட்டத்துக் கேமரா அணைந்துவிடும். கேமராவைப் போட்டால் மகளுக்கு நெட்டு போய்விடும். ஆடு களவு போகாமல் பார்ப்பதா, மகள் வேலை போகாமல் பார்ப்பதா என்று என் சம்சாரம் என்னைக் கேட்டாள். சத்யபிரியாவே நோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அவளுக்கும் கேமராவுக்கும் ஒரே நம்பரைப் போட்டிருக்கிறார் அந்த மனுசன். ஒரு பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர் துண்டு போட்ட கதைதான். அவள் ஆடுகளுக்கு வேறு நம்பர் கொடுத்தாள். இப்போது எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

மாறாத நம்பரும் வந்து சேர்ந்தது. நான் மெயினை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். மாறவில்லை. சந்தோசமாக மகளை ஆப்பைத் திறக்கச் சொன்னேன். நாக்பூர் என்று காட்டியது. காலையிலும் நாக்பூர், சாயங்காலமும் நாக்பூர். மாரிசெல்வத்துக்குப் போன் போட்டால், "நீங்க மாறக் கூடாதுன்னுதான கேட்டீக, மாறலைல்ல?" என்கிறான். ஆகவே இன்றைய தேதியில் என் மகள் நிரந்தரமாக நாக்பூரில் குடியிருப்பதாகத் தங்கள் மகன் போனில் தெரியலாம். தயவுசெய்து பதற வேண்டாம். அவள் இப்போது கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

தங்களுக்கு இன்னும் நம்பிக்கை வராவிட்டால் என்ன செய்வது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று கேட்டேன். "ஆளு எங்க இருக்குன்னா எழுதித் தரலாம். நெட்டு எங்க இருக்குன்னு எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

சம்மந்தி, ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இந்த விசயம் ஊருக்குள் கசிந்தால் என் பிள்ளையை நாளைக்கு எந்த வீட்டில் கேட்பார்கள் என்று என் சம்சாரம் அழுகிறாள். தாங்கள் ஒரே ஒரு தடவை வந்து, கூடத்தில் அவளை உட்காரவைத்து, கையில் ஆப்பைத் திறந்து பாருங்கள். ஆள் இங்கேயும் ஊர் அங்கேயும் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, வைகாசி முகூர்த்தத்தை உறுதி பண்ணிவிட்டுப் போங்கள். ஒரு ஊருக்கும் போகாத பிள்ளை அவள். இதை மாரியம்மன் சந்நிதியில் சூடம் அணைத்துச் சொல்லவும் நான் தயார்.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் சம்சாரத்தின் விசாரிப்பு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். கடையில் மூட்டை நிறையட்டும், வீட்டில் மனசு நிறையட்டும்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
இருளப்பசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மகள் வந்து என்ன கடுதாசி என்று கேட்டாள். முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நெட்டைப் பத்தி எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீக, ஒரு தப்பும் இல்ல" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம், "அப்பா, நான் நெசமாவே ஐதராபாத்துக்குப் போயிருந்தா என்னா எழுதியிருப்பீக?" என்று கேட்டாள். நான் என் சம்சாரத்தைப் பார்த்தேன். அவள், "என்னைய எதுக்குப் பாக்குறீக, பிள்ளைக்குப் பதில் சொல்லுங்க" என்றாள். நான் கவரைக் கீழே வைத்தேன். மகளே பேசினாள். "கட்டிக்கப்போறவுக போன் போட்டு, ஏம்மா எங்க இருக்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேப்பா. அவுக அப்பாவுக்கு அனுப்பி, அவரு தரகருக்கு அனுப்பி, ஊரைச் சுத்தி வந்துச்சு. எனக்கு அனுப்பலையே" என்றாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவள் கம்பெனியில் பூனாவுக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முடித்து வந்தால் பத்துப் பேருக்கு மேல் பொறுப்பாம். கல்யாணம் வருகிறதே என்று எங்களுக்குச் சொல்லாமலே வேண்டாம் என்று எழுதிவிட இருந்தாள். இன்றைக்குச் சரி என்று எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை மதுரையில் ரயில் ஏற்றிவிட நானும் போகிறேன்.

ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசில்லை, ஐ.பி. அட்ரஸ் பற்றித் தாங்களும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது என்று அனுப்புகிறேன். பூ வைத்த சேலையை மாரிக்கனி அண்ணன் கொண்டுவந்து தருவார். மாப்பிள்ளையை, மன்னிக்கவும், தங்கள் மகனை அந்தப் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொல்லவும். என் மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று இனி எனக்கு எந்தப் பெட்டியும் சொல்ல வேண்டியதில்லை. போய் இறங்கியதும் அவளே கூப்பிட்டுச் சொல்லுவாள்.