பதினேழாம் கேள்விக்கு ஒரு பதில்

மானிய விண்ணப்பத்தில் பதினேழாம் கேள்விக்குக் கானிசியுஸ் எழுதிய பதில்தான் வினையாகிவிட்டது. அருவிக்குப் போகும் மூங்கில் பாலத்திலிருந்து யாராவது விழுந்ததுண்டா என்று கேட்டிருந்தார்கள். அவர் குண்டு குண்டாக, அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்: ‘இன்னும் இல்லை.’

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில், மலைமேல் இருக்கும் அவருடைய ஊரில், ‘இல்லை’ என்று வெட்டிச் சொல்வது மரியாதைக் குறைவு. தேவாலயத்தில் மணியடிக்கும் பெனெடிக்டுஸ் பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது. கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால், அவரும் இன்னும் இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் மானியம் தரும் தொண்டு நிறுவனம் வெளிநாட்டுக்காரர்களுடையது. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, ஆறு மாதம் பாஷை கற்றுக்கொண்ட ஹெண்ட்ரிகா என்ற அம்மையாரை நேரில் பார்த்துவர அனுப்பிவிட்டார்கள்.

மானியம் வந்தால் நான்கு வீடுகளில் விருந்தினர் அறை கட்டலாம். கானிசியுஸின் மனைவி தொரோத்தேயாவுக்குச் சமையல் பொறுப்பு. வராவிட்டால் அவள் தன் அண்ணனோடு மலேசியா எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவதாக ஏற்பாடு. காலிப் பை கதவோரம் தயாராக இருந்தது.

முதல் நாள், தொரோத்தேயா வைத்த மரவள்ளிக் கிழங்கைப் பார்த்தபடி அம்மையார் கேட்டார்: இங்கே சாப்பிட்டு யாருக்காவது உடம்புக்கு வந்ததுண்டா?

“இன்னும் இல்லைங்க” என்றாள் தொரோத்தேயா, பணிவாக.

அம்மையார் தட்டைத் தள்ளி வைத்தார். விருந்தாளிகளின் பொருள் திருட்டுப் போனதுண்டா என்று பெனெடிக்டுஸைக் கேட்டார். அவரும் அன்போடு அதையே சொன்னார். அம்மையார் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கானிசியுஸ் எதையும் எழுத்தில் தீர்ப்பவர். அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை எழுதி, வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தார். ‘நாளை அம்மையார் எதைக் கேட்டாலும் “இல்லை” என்று மட்டும் சொல்லவும். “இன்னும்” கூடவே கூடாது.’

மறுநாள் அம்மையார், இந்தத் திட்டத்தில் ஊருக்குச் சம்மதமா என்றார். இல்லை என்றார்கள். விருந்தாளிகள் வந்தால் பிடிக்குமா? இல்லை. இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது உங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்களா? பெனெடிக்டுஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இல்லை.”

கானிசியுஸ் ஓடிவந்து நடந்ததையெல்லாம் விளக்கினார். “எங்க ஊர்ல ‘இன்னும் இல்லை’ன்னா, இல்லைன்னு அர்த்தம்மா.”

“அப்போ ‘இல்லை’ன்னா, ஆமான்னு அர்த்தமா?”

விருந்தாளியை மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

“இன்னும் இல்லைங்க” என்றார்.

 அம்மையார் நோட்டை மூடிவிட்டு, ஊர்ப் பையன் ஃபாபியானின் மோட்டார் சைக்கிளில் ஏறி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

தொரோத்தேயா பையில் துணிகளை அடுக்கினாள். “உங்க கைக்கு ஒரு பேனா கெடச்சாப் போதும், ஊரையே கவுத்துடுவீங்க.”

 கானிசியுஸ் பத்தாவது முறையாகச் சுற்றறிக்கையைப் படித்தார். பிழை ஒன்றும் தென்படவில்லை.

ஃபாபியான் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினான்.

“மானியம் எங்களுக்குக் கிடையாதுன்னு முடிவாயிடுச்சான்னு கேட்டேண்ணே. ‘இன்னும் இல்லை’ன்னாங்க. உங்க ஊர் அர்த்தத்துலதான் சொன்னேன்னு மறக்காம உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”