ஜன்னல் அண்ணனுக்குக் கொடுத்த சளி

கண்டியில் பிறந்து கண்டிக் காற்றையே பகையாளியாக நினைத்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். துணிக்கடையில் என்னோடு வேலை பார்த்த அவரை ஜன்னல் அண்ணன் என்போம். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும்.

பேராதனை பஸ்ஸில் ஏறினால் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் உட்காருவார். ஜனங்கள் திட்டினால், "பனி நெஞ்சுல எறங்கிரும்ங்க" என்பார். கட்டுக்கலையில் நாங்கள் இருவரும் தங்கியிருந்த அறையின் ஒரே ஜன்னலுக்கு ஆணியே அடித்துவிட்டார். அந்த அறைக்குள் இரண்டு வருஷம் அவர் இருமினார், நான் தூங்கினேன்.

அந்த இருமலைக் கேட்டு முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. சளியைப் பரிசோதித்துக் கடுதாசி கொண்டுவந்தால்தான் வேலை என்றார். அண்ணனின் முகம் செத்துவிட்டது. அவர் தங்கச்சியைப் பெண் பார்க்கக் கெலிஓயாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த நேரம் அது.

மறுநாள் காலை ஒரு மூடி போட்ட டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதுல நீ துப்பிக் குடு."

"என் சளி எதுக்குண்ணே?"

"நீ எளந்தாரி. ஒன் சளி சுத்தமா இருக்கும்."

எனக்கும் சில வாரமாக இருமல்தான். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், கால்சட்டை வேறு இடுப்பில் நிற்கவில்லை. கடைத் தூசு என்று நினைத்திருந்தேன். பெருமையாகக் காறித் துப்பிக் கொடுத்தேன்.

முடிவு வந்த அன்று என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீபி கிருமி இருக்காம் தம்பி."

"ஒங்களுக்கா?"

"ஒனக்கு."

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டொக்டர் சிரிக்கவில்லை. அண்ணனையே துப்பச் சொன்னார். அதிலும் கிருமி.

"பூட்டின ரூம்ல ஒருத்தர் இருமினா மத்தவருக்கு வரத்தான் செய்யும்" என்றார் டொக்டர். அன்று ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கும்போது அண்ணன் அழுதார். கெலிஓயாக்காரர்கள் வரவே இல்லை.

இருவருக்கும் ஆறு மாதம் மாத்திரை. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதும் அண்ணன் என்னை உயில் எழுதச் சொன்னார். மருந்தின் நிறம்தான் அது என்று தாதி மிஸ் சொன்ன பிறகே அடங்கினார். இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் நான் மாத்திரையை விடப் பார்த்தேன்.

"சொகமானாப்புலதான் இருக்கும். நடுவுல விட்டா திரும்பி வரும், அப்ப இந்த மருந்தும் கேக்காது" என்று தினமும் கிளினிக்குக்கு இழுத்துப்போனார்.

நான் தேறினேன். அவர் தேறவில்லை. டொக்டரிடம் காட்டாமல் விட்ட இருமல் அவருடைய நுரையீரலை எப்போதோ அரித்துவிட்டிருந்தது.

கிருமி இல்லை என்று வந்த என் கடைசிக் கடுதாசியை அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு தடவை படித்தார்.

"இந்தச் சளியை அன்னைக்கே குடுத்திருக்கக் கூடாதாடா? தங்கச்சி கல்யாணம் முடிஞ்சிருக்கும்."

இருவரும் சிரித்தோம். என்னால் அதிக நேரம் சிரிக்க முடியவில்லை.

அந்த வாரமே அவர் போய்விட்டார். எனக்கு அந்த வியாதியைத் தந்தவர் என்று ஒருநாளும் கோபம் வந்ததில்லை. கேட்டிருந்தால் என் நுரையீரலில் ஒன்றையே கொடுத்திருப்பேன்.